வாழைநாரை எத்தனை முறை கிழிக்கலாம்?

பூக்கடையில் சரம் தொடுக்கும் பெண்ணின் கையைச் சற்று நேரம் கவனியுங்கள். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் இருக்கும். அதில் ஊறிக்கொண்டிருக்கும் வாழைப்பட்டையிலிருந்து ஒரு கீற்றை எடுப்பார். நுனியில் பெருவிரல் நகத்தை வைத்து ஓர் இழுப்பு, கீற்று இரண்டாகும். மறுபடி ஓர் இழுப்பு, அதுவும் இரண்டாகும். மல்லிகைக்கு மெல்லியது வேண்டும். சாமந்திக்குத் தடித்ததே போதும். கண்ணைப் பூவில் வைத்துக்கொண்டே விரல் அந்த அளவைக் கண்டுபிடித்துவிடும்.

அந்த நகம் நிற்கும் இடத்தில் நிற்காமல் தொடர்ந்து கிழித்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள நாரை எடுத்துக்கொள்வோம். பாதி, பாதியில் பாதி என்று மூன்று முறை கிழித்தால் எட்டில் ஒரு மில்லிமீட்டர் வரும். கை தேர்ந்தவர்கள் இதுவரை போவார்கள். நான்காம் கிழிசலில் தலைமுடியின் பருமன். ஆறாவதில் 16 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினாறு பங்கு. பத்தாவதில் ஒரு பாக்டீரியாவின் அளவு. பதின்மூன்றாவதில் கொரோனா வைரஸின் அளவு. பதினெட்டாவது முறை கிழித்தால் கையில் இருப்பது ஏறக்குறைய 4 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் உண்டு, அதில் நான்கு.

பதினெட்டுக்குப் பிறகு கிழிக்க நார் இல்லை. அதற்கு மேல் பிரித்தால் கிடைப்பவை தனித்தனி மூலக்கூறுகள். வாழை மட்டுமில்லை, வைக்கோல், கரும்புச் சக்கை, அன்னாசி இலை, பருத்தி எதை எடுத்துக் கிழித்துக்கொண்டே போனாலும் பெரும்பாலும் இதே மூன்று, நான்கு நானோமீட்டர் இழையில்தான் வந்து நிற்கும். தாவரம் தன்னைக் கட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் அடிப்படை நூல் அது. வேளாண் கழிவிலிருந்து நானோ இழை தயாரிக்கிறார்கள் என்று செய்தி வரும்போது அந்தத் 'தயாரிக்கிறார்கள்' என்ற சொல் எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். இழையைத் தயாரித்தது வாழைமரம். ஆய்வகத்தில் நடப்பது அதை அறுந்துபோகாமல் வெளியே எடுப்பது மட்டுமே. அந்த 'மட்டுமே'யில்தான் எல்லாக் கஷ்டமும் இருக்கிறது.

அந்த நூல் எதனால் ஆனது? செல்லுலோஸ். 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயன் தாவரத் திசுக்களிலிருந்து பிரித்தெடுத்து அடையாளம் கண்ட பொருள். குளுக்கோஸ் சர்க்கரையைக் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. இதைக் கேட்டவுடன் ஒரு சந்தேகம் வர வேண்டும். சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதானே? ஆமாம். அரிசியும் வைக்கோலும் ஒரே சர்க்கரையால் ஆனவை. வித்தியாசம் கோத்த விதத்தில் இருக்கிறது. மாவுச்சத்தில் கண்ணிகள் ஒரே பக்கம் பார்த்து இணைவதால் சங்கிலி சுருள் சுருளாக வளையும். தண்ணீர் உள்ளே புகும், வேகும், வயிற்றில் செரிக்கும். செல்லுலோஸில் ஒவ்வொரு கண்ணியும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி இணைகிறது. அதனால் சங்கிலி நீட்டிப் பிடித்த கயிறு போல நேராக நிற்கும். நேரான கயிறுகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகப் பற்றிக்கொள்ளும். தண்ணீருக்கு இடமில்லை, நம் குடலிலுள்ள நொதிகளுக்கும் பிடி கிடைக்காது. மாட்டுக்கே கூட வைக்கோல் செரிப்பது அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் தயவில்தான்.

செடியின் செல் சுவரை ஒட்டி இந்தச் சங்கிலியைப் பின்னும் புரதக் கூட்டம் ஒன்று இருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது ஆறு இதழ் பூ போலத் தெரியும். பூவைத் தொடுக்கும் நாரைத் தொடுப்பதும் ஒரு பூ வடிவம்தான்! இப்போதைய ஆய்வுகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் கணக்குப்படி, ஒவ்வொரு பூவும் 18 சங்கிலிகளை ஒரே நேரத்தில் நூற்று ஓர் இழையாக்குகிறது. (நம் பதினெட்டுக் கிழிசலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, தற்செயல்.) அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் அளந்தபோது, அந்தப் பூ நிமிடத்துக்குச் சுமார் 300 நானோமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டே நூற்றது. இப்படி நூற்ற இழையின் விறைப்பு எஃகை நெருங்கும். எடையோ, அதே கன அளவு எஃகின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான்.

இவ்வளவு நல்ல பொருள் என்றால் அதை ஏன் கழிவிலிருந்து எடுக்க வேண்டும்? மரத்திலிருந்து எடுக்கலாம், உலகில் விற்பனைக்கு வரும் நானோ செல்லுலோஸில் பெரும்பகுதி மரக்கூழிலிருந்து வருவதுதான். ஆனால் மரத்தில் இழைகளைச் சுற்றி லிக்னின் என்ற பசை கெட்டியாக இறுகியிருக்கும். மரம் மரமாக நிமிர்ந்து நிற்க அதுதான் காரணம். செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாவதும் அதனால்தான். லிக்னின் எவ்வளவு கூடுதலோ, இழையைப் பிரிக்க அவ்வளவு வேதிப்பொருளும் வெப்பமும் தேவைப்படும். ஒரு பருவத்தில் முளைத்து அறுவடையாகும் பயிர்களில் பொதுவாக இந்தப் பசை குறைவு.

எல்லாக் கழிவும் ஒன்றல்ல. தேங்காய் நாரில் லிக்னின் ஏறக்குறைய நாற்பது சதவீதம். கிணற்றுக் கயிறாகத் திரிக்க அருமையான குணம், நமக்குத் தலைவலி. வைக்கோலில் லிக்னின் குறைவுதான், ஆனால் மணல் சத்தான சிலிக்கா கலந்திருக்கும். வைக்கோல் பிடுங்கினால் உள்ளங்கை கீறுவது அதனால்தான். கரும்புச் சக்கை நடுத்தரம். கரூர் காகிதபுரத்தில் 1980களிலிருந்து சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். அங்கே ஓடுவது நம் கணக்கில் ஆறாவது கிழிசல் வரையிலான பயணம். நானோவுக்கு இன்னும் பன்னிரண்டு பாக்கி. அன்னாசி இலை நாரிலும் வாழை நாரிலும் செல்லுலோஸ் நிறைய. வாழை நாரில் ஏறக்குறைய அறுபது சதவீதம் செல்லுலோஸ், லிக்னின் பத்துக்குள். இந்தக் கட்டுரைக்கு நான் வாழையைப் பிடித்துக்கொண்டது அதனாலும், உலகிலேயே அதிகம் வாழை விளைவது இந்தியாவில் என்பதாலும்தான்.

வாழை ஒருமுறைதான் தார் தள்ளும். தார் வெட்டியபின் அந்த மரத்துக்கு வேலை இல்லை. பக்கக் கன்று தலையெடுக்க, தாய் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். மரம் என்கிறோமே தவிர அது மரமும் இல்லை, தண்டும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருட்டிய மட்டைகள். நாம் பொரியல் செய்யும் தண்டு அதன் நடுவில் ஓடும் வெள்ளைக் குருத்து. நார் இருப்பது வெளி மட்டைகளில். முழு மரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நூறு கிலோ பச்சை மட்டையை இயந்திரத்தில் கொடுத்தால் காய்ந்த நார் ஒரு கிலோ அளவில்தான் தேறும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சமையலறையிலேயே இழையைப் பார்க்க ஒரு வழி உண்டு. வாழைத்தண்டை வட்டமாக நறுக்கும்போது ஒரு வில்லைக்கும் அடுத்ததற்கும் இடையே சிலந்தி நூல் போல ஒன்று நீளும். விரலில் சுற்றி எடுப்போம். பொடியாக நறுக்கி மோர்த் தண்ணீரில் போட்டு ஒரு குச்சியால் சுழற்றினால் மிச்சமும் குச்சியில் சுற்றிக்கொண்டு வரும். அந்த நூலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். தண்ணீர் ஏறும் குழாய்களின் உட்சுவரைத் தாங்கும் சுருள் அது. பூ கட்டும் நார் வேறு, இது வேறு. ஆனால் இரண்டுக்கும் உள்ளே ஓடுவது அதே செல்லுலோஸ்.

இனி வேலை.

முதல் மூன்று கிழிசல்களை இயந்திரம் செய்துவிடும். மட்டையைச் சுழலும் கத்திகளுக்குள் செலுத்தினால் சதையும் சாறும் சிதறிப்போய் நார்க் கற்றை மட்டும் மிஞ்சும். சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர்கள் சேலையில் ஊடாகக் கொடுக்கும் வாழை நார் இந்த நிலையில் உள்ளதுதான். 1993இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நார் பிரிப்பில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது.

நான்கிலிருந்து ஆறுவரை கத்தி உதவாது. இங்கே ஒவ்வொரு நாரும் நூற்றுக்கணக்கான செல்கள் பசையால் ஒட்டிய கட்டு. பசையைக் கரைக்க வேண்டும். நாரைத் துண்டு துண்டாக வெட்டி, நான்கைந்து சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் 80 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வேகவைப்பது வழக்கம். சற்று நேரத்திலேயே கரைசல் கடுங்காப்பி நிறத்துக்கு மாறும். இறங்கிய நிறம் லிக்னின். கூடவே ஹெமிசெல்லுலோஸ் என்ற கிளை கிளையான சர்க்கரைச் சங்கிலிகளும் இறங்கும். வடிகட்டி, கழுவி, மறுபடி புதுக் கரைசல். காரம் கூடினால் வேகம் கூடுமே என்று ஆசைப்பட்டுப் பதினைந்து, இருபது சதவீதம் ஊற்றினால் காரியம் கெடும்: செல்லுலோஸ் சங்கிலிகள் அடுக்கையே மாற்றிக்கொண்டுவிடும். ஜவுளிக்கடையில் 'மெர்சரைஸ்டு' என்று சொல்லி விற்கும் பளபளப்பான பருத்தி இந்த மாற்றத்தின் பலன்தான். வேட்டிக்கு அது அழகு. நம் இழைக்கு விறைப்பு குறையும்.

காரத்துக்குத் தப்பிய லிக்னினை வெளுப்பால் எடுக்கிறார்கள். சோடியம் குளோரைட்டை அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்குவது பாடப்புத்தக முறை. வெளிவரும் குளோரின் டை ஆக்சைடு நச்சு வாயு என்பதால் இதற்கெல்லாம் புகைபோக்கியுள்ள ஆய்வக மேடை வேண்டும். வீட்டில் முயல வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு சற்றுச் சாதுவான மாற்று. பழுப்பு நார் முதலில் மஞ்சளாகும், பிறகு பஞ்சு வெள்ளை. இப்போது நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டு அவிழ்ந்து, 16 மைக்ரோமீட்டர் அளவில் தனித்தனிச் செல்கள் நூடுல்ஸ் போலக் கிடக்கும். ஆறாவது கிழிசல் முடிந்தது.

வேகவைப்பதிலேயே இன்னொரு உத்தி இருக்கிறது. நாரை அழுத்த நீராவியில் வைத்து, அழுத்தத்தைச் சட்டென்று திறந்துவிடுவது. குக்கர் ஆவியை ஒரேயடியாக விட்டால் பருப்பு சிதறுமே, அதே சங்கதி. இழைகளுக்கிடையே புகுந்த தண்ணீர் நொடியில் ஆவியாகி உள்ளிருந்தே பிளக்கும். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் சாபு தாமஸ் குழு வாழை நாரையும் அன்னாசி இலை நாரையும் இப்படிப் பிளந்து நானோ இழை எடுத்து, 2008இலும் 2010இலும் ஆய்வுகளாக வெளியிட்டது.

ஆறுக்குப் பிறகு முரட்டு வேலை. இதன் வரலாறு ஒரு பால் இயந்திரத்தில் தொடங்குகிறது. பாக்கெட் பாலில் ஆடை தனியே மிதக்காமல் இருக்க, பாலை மிகச் சிறிய இடுக்கின் வழியே அழுத்தத்தில் பீய்ச்சிக் கொழுப்பை நுணுக்குவார்கள். ஹோமோஜெனைசர் என்பது அந்த இயந்திரத்தின் பெயர். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டர்பாக், ஸ்னைடர், சாண்ட்பெர்க் என்ற மூவர் அதில் பாலுக்குப் பதிலாக மரக்கூழைச் செலுத்திப் பார்த்தார்கள். உள்ளே போனது நீர்த்த கூழ். வெளியே வந்தது களி போன்ற ஜெல். செல் சுவர் இழை இழையாகப் பிய்ந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. 1983இல் இதை ஆய்வாக வெளியிட்டார்கள்.

ஜப்பானில் வேறு ஒரு கருவி பிரபலம். நம் வீட்டுத் திருகையின் பேரன் என்று அதைச் சொல்லலாம். இரண்டு வட்டக் கற்கள், இடையே மயிரிழை இடைவெளி. திருகையில் மேல்கல் சுற்றும். இதில் கீழ்க்கல் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று என்று சுழலும், மேல்கல் அசையாது. நடுவில் ஊற்றிய கூழ் விளிம்பில் ஜெல்லாக வழியும். பத்து முறை, பதினைந்து முறை திரும்பத் திரும்ப அரைப்பார்கள்.

இந்த இரண்டு வழிகளும் பதினான்கு, பதினைந்தாம் கிழிசலில் மூச்சு வாங்கும். 30 முதல் 60 நானோமீட்டர் வரையுள்ள கற்றைகள் கிடைக்கும். தனி இழை அரிது. மின்சாரமும் கொஞ்சமில்லை. முன்தயாரிப்பு ஏதும் இல்லாமல் அடைத்தால் ஒரு டன் இழைக்கு 20,000 யூனிட்டைத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்துறை இருபது ஆண்டுகளுக்கு மேல் தூங்கியதற்கு அந்த மின்கட்டணம் ஒரு முக்கியமான காரணம்.

விழித்தது டோக்கியோவில். அகிரா இசோகாயும் சுகுயுகி சைட்டோவும் கேட்ட கேள்வி எளிமையானது: இழைகளைப் பலவந்தமாகப் பிய்ப்பதற்குப் பதில், அவையே ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும்படி செய்தால் என்ன? டெம்போ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு வினையூக்கி இருக்கிறது (சரக்கு வண்டி அல்ல). அதைச் சோடியம் புரோமைடு, ஹைப்போகுளோரைட் ஆகியவற்றோடு சேர்த்துக் காரக் கரைசலில் செல்லுலோஸோடு கலந்தால், இழையின் மேல்பரப்பில் மட்டும் வினை நடக்கிறது. உள்ளிருக்கும் அடுக்குக்குச் சேதமில்லை. மேல்பரப்பெங்கும் எதிர் மின்னூட்டம் ஏறிவிடும். ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்கும் என்பது பள்ளிப் பாடம். பக்கத்து இழைகள் தாமாகவே விலகப் பார்க்கின்றன; சாதாரண மிக்ஸியளவு கலக்கலே போதும், பதினெட்டாம் கிழிசல் கைகூடிவிடும். மூன்று, நான்கு நானோமீட்டரில் தனித்தனி இழைகள். 2006இல் இது வெளிவந்தது. காட்டுத் துறையின் பெரிய விருதான மார்கஸ் வாலன்பெர்க் பரிசு 2015இல் இவ்விருவருக்கும் யோஷிஹாரு நிஷியாமாவுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

அமில வழியும் உண்டு. அடர் கந்தக அமிலத்தில் வைத்தால் இழையில் நெகிழ்வாக உள்ள இடங்கள் அறுந்து, குட்டைக் குச்சிகள் மிஞ்சும். அவற்றை நானோ படிகம் என்பார்கள். நீண்ட இழை வேண்டும் என்றால் அந்த வழிக்குப் போகக்கூடாது.

கையில் கிடைப்பது எப்படி இருக்கும்? இரண்டு சதவீதம் இழை, தொண்ணூற்றெட்டு சதவீதம் தண்ணீர். கண்ணாடிக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. நன்றாகக் குலுக்கினால் இளகும். வைத்துவிட்டால் மறுபடி உறையும். அரைத்து எடுத்தது கஞ்சி போல வெள்ளையாக இருக்கும், டெம்போ முறையில் எடுத்தது கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். காரணத்தை நம் கிழிசல் கணக்கிலேயே பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அதைவிட மிகச் சிறிய இழைகளைத் தாண்டி ஒளி சிதறாமல் போய்விடுகிறது. நீர்த்த கரைசலில் லேசர் பேனாவைப் பாய்ச்சினால் மட்டும் சிவப்புக் கோடு ஒன்று மங்கலாக மின்னும். வெறும் தண்ணீரில் அந்தக் கோடு தெரியாது.

நானோ இழை என்றால் எலக்ட்ரோஸ்பின்னிங் தானே என்று சிலர் கேட்பார்கள். அது வேறு பாதை. ஒரு பொருளைக் கரைத்து, ஊசி முனைக்கும் தட்டுக்கும் இடையே பத்து, இருபதாயிரம் வோல்ட் கொடுத்து நூலாக இழுப்பது. செல்லுலோஸ் உருகாது, சாதாரணக் கரைப்பான்களில் கரையாது. அதனால் முதலில் அதைச் செல்லுலோஸ் அசிடேட் போன்ற வேறு பொருளாக மாற்றியாக வேண்டும். செடி கட்டிய வீட்டைச் செங்கல் செங்கல்லாக இடித்துப் புதிதாகக் கட்டுவது போல. சீரான விரிப்பாக வேண்டுமென்றால் அது நல்ல முறைதான். வாழை செய்த வேலையை வீணாக்குகிறோமே என்பது என் குறை.

அடுத்தது உயிரிணக்கம், அதாவது இந்த இழையை உடல் ஏற்குமா என்ற கேள்வி. இங்கேதான் ஆர்வக் கோளாறு அதிகம். 'இயற்கையான தாவர இழை, எனவே உடலுக்குப் பாதுகாப்பானது' என்ற வாக்கியத்தை எத்தனை இடத்தில் படித்திருப்பேன் என்று தெரியாது. அந்த 'எனவே' செல்லாது. கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இயற்கைதான். உயிரிணக்கம் என்பது பொருளோடு பிறந்த குணமில்லை. இன்ன வேலைக்கு, இன்ன இடத்தில், இவ்வளவு நாள் வைத்தால் உடல் அதைத் தொந்தரவாக எண்ணவில்லை என்று சோதித்துக் காட்டிப் பெறும் சான்று. தோல்மேல் பெற்ற சான்று நுரையீரலுக்கு உதவாது.

அந்தச் சோதனைகளுக்கு ஐஎஸ்ஓ 10993 என்ற வரிசை உண்டு. முதல் படி நேரடியானது. இழைப் படலத்தைச் செல்கள் வளரும் ஊட்டக் கரைசலில், 37 டிகிரியில் ஒரு நாள் ஊறவைக்கிறார்கள். ஊறிய சாற்றை எலியின் இணைப்புத் திசு செல்களுக்குக் கொடுக்கிறார்கள். மறுநாள் ஒரு மஞ்சள் சாயம். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும், இறந்தது மாற்றாது. ஊதாவின் அடர்த்தியை அளந்தால் எத்தனை செல் பிழைத்தது என்று தெரியும். எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சுத்தன்மை உண்டு என்று எழுதிவிடுவார்கள்.

தோல்வி வந்தால் குற்றவாளி பெரும்பாலும் செல்லுலோஸ் இல்லை, கூட வந்த விருந்தாளிகள். சரியாகக் கழுவாத காரம், வெளுப்பு உப்பு, டெம்போவின் மிச்சம். வயலிலிருந்து வந்த பொருள் என்பதால் பூச்சிமருந்தும் சேர்ந்திருக்கலாம். கழுவித் தீர வேண்டும். கரைசலை மெல்லிய சவ்வுப் பையில் கட்டித் தூய நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, உப்பு வெளியேறுகிறதா என்று மின்கடத்தலை அளந்துகொண்டே இருப்பார்கள். நானோ தொழில்நுட்பம் என்றால் பெரிய கருவிகள் மனத்தில் ஓடும். வேலை நேரத்தில் பெரும்பகுதி வடிகட்டுவதிலும் கழுவுவதிலும்தான் போகிறது.

கழுவினாலும் எளிதில் போகாத ஒன்று இருக்கிறது. வெட்டிப் போட்ட வாழை மட்டை இரண்டு நாளில் அழுக ஆரம்பிக்கும், பாக்டீரியா பெருகும். ஒருவகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற நச்சு உண்டு. பாக்டீரியாவைக் கொல்லலாம், அது செத்தபின்னும் நச்சு இருக்கும். கொதிக்கவைத்தாலும் அழியாது. கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து அழிப்பார்கள். செல்லுலோஸை அப்படி வைத்தால் கருகத் தொடங்கும். ரத்தத்தில் கலந்தால் கடுங்காய்ச்சலும் அதிர்ச்சியும் தரக்கூடிய பொருள் இது. எனவே காரத்தில் வேகவைக்கும்போதே சிதைத்து, மீதியைச் சவ்வில் வடித்து, குதிரைலாட நண்டின் ரத்தச் சாறு உறைகிறதா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். அமெரிக்க விதியில் ஒரு மருத்துவச் சாதனத்துக்குப் பொதுவான வரம்பு 20 எண்டோடாக்சின் அலகு.

இந்த நச்சு நமக்குப் புதிது இல்லை. பஞ்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு வரும் மூச்சிறைப்பு நோய்க்குப் பிஸினோசிஸ் என்று பெயர். ஞாயிறு விடுப்பு முடிந்து திங்களன்று மில்லுக்குத் திரும்பும்போது நெஞ்சு இறுகும். அதனால் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் சொல்வதுண்டு. பருத்தி கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். பழியைச் செல்லுலோஸ்மேல் போடாமல், தூசியோடு வந்த எண்டோடாக்சின்மேல்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் போடுகிறார்கள். நானோ இழையையும் ஜெல்லாகக் கையாளும்வரை பயமில்லை. காய்ந்த தூளாகப் பறக்கவிட்டால் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாகக் கழுவிய இழைக்கு உடலில் என்ன வேலை? முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நம் உடலில் செல்லுலோஸை உடைக்கும் நொதி கிடையாது. உள்ளே வைத்தால் அங்கேயே இருக்கும். கரைந்துபோக வேண்டிய தையல் நூலுக்கு இது பொருந்தாது. (நன்றாக ஆக்சிஜனேற்றம் செய்த செல்லுலோஸ் மட்டும் விதிவிலக்கு, ரத்தக் கசிவை நிறுத்த அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக அதை உள்ளே வைக்கிறார்கள், அது கரைந்துவிடும்.) எனவே முதல் வாய்ப்பு தோலுக்கு. ஈரத்தைப் பிடித்து வைக்கும், காற்றை விடும், காயத்தில் கரையாது.

ஹெல்சிங்கி தீக்காய மருத்துவமனையில் இதைப் பார்த்தார்கள். தீக்காயத்துக்கு ஒட்டுவதற்காகத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்தால், எடுத்த இடம் புதுக் காயமாகிவிடும். அதன்மேல் பிர்ச் மரத்தின் நானோ இழைப் படலத்தை ஒட்டினார்கள். தோல் வளரும்வரை அது ஒட்டிக்கொண்டிருந்தது. வளர்ந்ததும் தானாகவே உதிர்ந்தது. 2016இல் முடிவுகள் வெளிவந்தன. கட்டுப் பிரிக்கும்போது துணியோடு புதுத்தோலும் பிய்ந்து வரும் வலியை அனுபவித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

படித்தபோது எனக்கு நினைவு வந்தது வேறு. தீக்காயம் பட்டவரை வாழையிலையில் படுக்கவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மும்பையில் மருத்துவர்கள் வாழையிலையைச் சுத்தம் செய்து கட்டாக்கி, வழக்கமான வாஸ்லின் துணியோடு ஒப்பிட்டு 2003இல் எழுதினார்கள்: இலை காயத்தில் ஒட்டவில்லை, எடுக்கும்போது வலியில்லை. அதற்கு இலையின் மெழுகுப் பரப்பு காரணம், நானோ இழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே மரத்தின் இலையும் மட்டையும் இருவேறு வழிகளில் ஒரே காயத்துக்கு வந்து சேர்வது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கழிவு என்ற சொல்லிலும் ஒரு சந்தேகம் பாக்கி. சாய்த்த வாழையைத் துண்டாக்கி வரப்போரம் போடும் விவசாயி அதைக் கழிவாக நினைப்பதில்லை. மட்டையில் பொட்டாஷ் சத்து நிறைய. மக்கினால் அடுத்த கன்றுக்கு உரம். நாரை மட்டும் எடுத்துக்கொண்டு சாற்றையும் சக்கையையும் வயலுக்கே திருப்பித் தந்தால் அவருக்கு நஷ்டமில்லை. மட்டையை முழுதாக லாரியில் ஏற்றிக்கொண்டு போனால், அவருடைய பொட்டாஷையும் சேர்த்து ஏற்றுகிறோம். அதோடு பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரையும்.

தண்ணீர்த் தொல்லை முடிவிலும் வரும். ஜெல்லைக் காயவைத்து மூட்டை கட்டி விற்கலாமே என்றால் முடியாது. தண்ணீர் போகப்போக இழைகள் நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்பால் மறுபடி பற்றிக்கொள்ளும். நனைந்த செய்தித்தாள் கட்டு காய்ந்தால் பலகையாகிவிடுமே, அதே கதை. மறுபடி நீரூற்றினாலும் பழைய ஜெல் வராது. பதினெட்டாம் கிழிசலிலிருந்து பத்துக்கோ எட்டுக்கோ இறங்கிவிடும். உறையவைத்து உலர்த்தினால் கொஞ்சம் தப்பும், செலவு ஏறும். எனவே இப்போதைக்குப் பெரும்பாலும் ஈரமாகவே அனுப்புகிறார்கள். பத்து டன் லாரி நிறைய இரண்டு சதவீத ஜெல்லை ஏற்றினால் அதில் இழை இருநூறு கிலோ. அந்த இருநூறு கிலோவுக்கு வேண்டிய நாரை உரிக்க, பச்சை மட்டை குறைந்தது முப்பது டன் வேண்டும். தொட்டியத்திலோ கம்பத்திலோ வாழைத்தோப்புக்குப் பக்கத்திலேயே நார் பிரிக்கும் கொட்டகை போடாமல் இந்தக் கணக்கு நேராகாது.